இடுப்பளவு

சனிக்கிழமை யார் ஜெயிப்பான் என்று
என்னிடம் வந்து கேட்கிறார்கள்.
அக்ராவில், புகோம் சதுக்கத்தில்
கேட்க வேறு ஆளா இல்லை?
நான் குத்துச்சண்டைக்காரர்களுக்கு
அரைக்கால் சட்டை தைப்பவள்.
இந்த முறை இரண்டு பேருக்கும் நானே.
ஒரே மேசை, ஒரே கத்தரி.

சோவாவுக்கு உலக்கை என்று பெயர்.
பின்னால் ஓரடி வைக்கத் தெரியாதவன்.
என் கடைக்குள் நுழையும்போதே
கதவு நிலையை இடித்துக்கொண்டுதான் வருவான்.
பதினேழு சண்டை. பதினைந்தில்
எதிராளி எண்ணி முடிப்பதற்குள் எழவில்லை.
மீதி இரண்டைப் பற்றி
அவனும் பேசமாட்டான், நாமும் கேட்கக்கூடாது.

ஓடோய் இடக்கையன், நெட்டை.
ஈரப் படகின் விளிம்பில் நடக்கிறவன்போல்
பாதத்தை முழுசாய் ஊன்றுவதில்லை.
அவனை அடிக்கப் போனால்
அவன் நின்ற இடத்தைத்தான் அடிக்கலாம்.
திருப்பி அடிப்பதும் அடியாகத் தெரியாது,
நடுவர்களின் தாளில்
ஒவ்வொரு கோடாய்க் கிழித்துவிட்டுப் போவான்.

லாட்டரி எண் எழுதும் குவாட்டே சொல்கிறார்:
நாலாம் சுற்று. உலக்கை விழுந்தால் உரல் பேசுமா?
கெங்கே விற்கும் கொர்கோய்
சோளமாவைக் கிண்டிக்கொண்டே கேட்கிறாள்:
உரல் ஓடினால்?
பிரசங்கியார் இருவருக்காகவும் ஜெபிக்கிறார்.
பணம் மட்டும் உலக்கைமேல் கட்டியிருக்கிறார்.

எனக்குத் தெரிந்தது வேறு.

திங்கட்கிழமை சோவா வந்தான்.
போன மாதம் இடுப்பு முப்பத்தொன்று.
இப்போது இருபத்தொன்பதரை,
நாடாவுக்கும் தோலுக்கும் நடுவே
இன்னும் காற்று.
"எலாஸ்டிக்கை இறுக்கு, இன்னும் குறையும்" என்றான்.
உதடு வெடித்திருந்தது.
மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பையைப்
பார்த்தான்,
பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
வெள்ளிக்கிழமை எடை.
அன்றிரவே நான் கணக்குப் போட்டுவிட்டேன்:
ஆறாம் சுற்றில் இவன் கால் இவனுடையதாயிராது.
ஓடோய், புள்ளிகளில்.

செவ்வாய். கடலுக்குப் போகாத நாள்.
படகுகள் கரையில் குப்புறக் கிடந்தன.
ஓடோய் வந்தான், யாருமில்லாத நேரம் பார்த்து.
"பட்டியை ரெண்டு விரல் ஏற்றித் தை."
ஏன் என்று நான் கேட்கவில்லை.
விதி தொப்புளோடு நிற்கிறது,
அதற்குக் கீழே அடித்தால் தப்பு.
பட்டி ஏறினால் தப்பும் கூடவே ஏறும்.
அளக்கும்போது வலது விலாவில்
என் விரல் பட்டது.
ஊசியில்லை, விரல்தான்.
மூச்சை உள்ளே இழுத்தான்,
ஈரப் பலகையில் ரம்பம் நுழைகிற மாதிரி.

இடக்கையனுக்கு ஈரல்தான் முன்னால் நிற்கும்.
உலக்கைக்கு அது தெரியும்.
விலாவைத்தான் தெரியாது.

ஆக, இதோ என் கணிப்பு, நீங்களே கேட்டதால்:
மூன்று சுற்று ஓடோய் எழுதுவான்.
நாலில், கயிற்றோரம், ஒரே ஒரு முறை
சோவாவின் இடது கை உள்ளே போகும்.
ஓடோய் ஒரு முழங்காலில் இறங்குவான்.
எட்டு எண்ணும்போது எழுவான்.
முடித்துவிட வேண்டிய சோவாவிடம்
குடிக்காத தண்ணீரெல்லாம்
அந்த நிமிஷம் பார்த்துக் கடன் கேட்க வரும்.
அதன்பிறகு இரண்டு பேர்
ஒருவன்மேல் ஒருவன் சாய்ந்து நிற்பார்கள்,
கூட்டம் அதைச் சண்டை என்று சொல்லும்.

அதற்குமேல்
எனக்குத் தெரியாது.
தெரிந்தாலும் சொல்ல முடியாது.
இருவரின் மேனேஜர்களும்
பாதிக் கூலியைத்தான் தந்திருக்கிறார்கள்,
மீதி ஜெயித்தபிறகாம்.
யார் விழுந்தாலும் எனக்குப் பாதி விழும்.

நேற்று ராத்திரி மின்சாரம் போனது.
போன் வெளிச்சத்தில் நீலப் பட்டியை மடித்தேன்.
இரண்டு விரல் கேட்டான்.
அந்த மூச்சுச் சத்தம்
இன்னும் அறையைவிட்டுப் போகவில்லை.
என் விரல்கள் தடித்தவை.
மூன்று வைத்தேன்.

காலையில் குவாட்டே
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வந்தார்.
"சொல்லம்மா, உலக்கையா, ஓடோயா?"
அளவு பார்க்கிறவள்
ஆரூடம் பார்க்கக்கூடாது என்றேன்.
நூலைப் பல்லில் கடித்து
அறுத்தேன்.